ராபின்சன் சார் பேரில் இருபத்துநாலு பாட்டில்

நவம்பர் 3, ஞாயிறு. பாளையங்கோட்டை

இந்த நோட்டு பிரிசில்லா அக்கா கொடுத்தது. பரிசுத்த தேசத்துக்குப் போகிற இருபத்தாறு பேரில் யாராவது ஒருவர் தினமும் எழுதி வந்தால் சபை மலரில் போடலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். கடைசியில், "சுகிர்தம் டீச்சர் எழுதட்டும், தமிழாசிரியைல்லா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே மலர் வாசகர்களுக்கு என் ஸ்தோத்திரம்.

எங்களுக்குத் திருமணமாகி முப்பது வருடம் ஆகிறது. கானா ஊரில், ஆண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கின இடத்தில், மறுபடியும் ஒருமுறை உடன்படிக்கை எடுக்க வேண்டும் என்பது நான் செய்த பொருத்தனை. எதற்காகப் பொருத்தனை என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் ராபின்சன், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மார்ச் மாதம் மஞ்சள்காமாலை வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சபையார் எல்லோரும் ஜெபித்தீர்கள். நன்றி.

பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, முறுக்கு, அவர் முட்டுவலிக்குத் தைலம் வைத்தாயிற்று. காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒயின் பேச்சு. கானா ஊர்க் கடையில் வாங்குவதைவிட ஆன்லைனில் மலிவாம். ஆர்டர் போட்டால் எருசலேமில் நாம் தங்கும் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தருவார்களாம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் கானா ஊர் ஒயின் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று அக்கா குரல் பதிவு போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு ஊர் சுற்றுவதைவிடப் பார்சல் வருவதில்தான் சந்தோஷம்.

எங்களுக்கு வேண்டாம் என்று பதில் போட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய். அம்மான்

வந்து சேர்ந்தோம். குளிர். சாப்பாட்டுக்கு ரொட்டியும் கொண்டைக்கடலை மசியலும். எல்லோருடைய பையிலிருந்தும் புளிக்காய்ச்சல் வெளியே வந்துவிட்டது. மோசே நின்று பார்த்த மலையில் காற்று ஆளைத் தூக்கியது. என் வீட்டுக்காரர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் குருவானவர், "சார் நல்லா தேறிட்டிய, முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மெய்தான், எட்டு மாதத்தில் முகம் வேறாகிவிட்டது. வெள்ளை வெளேர் என்று கண் தெளிந்திருக்கிறது.

நவம்பர் 6, புதன். நாசரேத்து

நமக்கு நாசரேத்து என்றால் திருச்செந்தூர் ரயில் நிற்கிற நாசரேத்துதான். நிஜ நாசரேத்தில் டிராபிக் இன்னும் மோசம்.

காலைச் சாப்பாட்டு மேஜையில் பிரிசில்லா அக்கா ஆர்டரை முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கு இருபத்துநாலு பாட்டில். யார் பெயரைப் போடுகிறோமோ அவர்தான் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். ஹோட்டல்காரர்கள் வாங்கிவைக்க மாட்டார்களாம். அக்கா சுற்றிலும் பார்த்துவிட்டு, "ராபின்சன் சார் பேரப் போட்டுருதேன். அவுகதான் தொட்டே பாக்காத மனுஷன். நம்ம ஆம்பளையள நம்பிக் குடுத்தா ஊர் போய்ச் சேருமா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவுகளுக்கு முட்டுவலி அக்கா, தூக்க முடியாது" என்றேன்.

"தூக்கவா சொன்னேன்? கையெழுத்துப் போட்டாப் போதும்லா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, போடுங்க" என்றார். முட்டையை உரித்துக்கொண்டே இருந்தார். அந்த முட்டையைச் சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வியாழன். கானா ஊர்

பொருத்தனை நிறைவேறியது. ஆலயத்தில் பதினொரு தம்பதியர் வரிசையாக நின்றோம். குருவானவர் ஜெபித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் பெயர் எழுதிய சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் கையைப் பிடித்தபோது கை சூடாக இருந்தது. நான் பட்டுச்சேலை, அவர் வெள்ளைச் சட்டை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

வாசலில் வரிசையாக ஒயின் கடை. பிரிசில்லா அக்கா போனை நீட்டி, "ஆன்லைன்ல இவ்வளவுதான்" என்று சண்டை பிடிக்க, கடைக்காரர் கையை விரித்து, அது வேறு ஊர் ஒயின், பெயர் மட்டும்தான் கானா என்று சத்தியம் பண்ணினார். அவ்வளவுதான், எல்லோருக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஆன்லைனில் வருவது வரட்டும், நிஜமான ஊர் ஒயினும் கையோடு இருக்கட்டும் என்று மறுபடியும் வாங்கினார்கள். ஊருக்குள் கொண்டுபோக ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் அனுமதி என்பது பஸ் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

"சுகிர்தம், நீங்க ரெண்டு பேரும் தொடமாட்டிய. ஒங்க கோட்டா சும்மாதானே கெடக்கு?"

நாலு பாட்டில் எங்கள் பெட்டிக்கு வந்தது.

கடை வாசலில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். களைப்பாக இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

நவம்பர் 8, வெள்ளி. கலிலேயா

கடலில் படகு போனோம். அவர் பாடினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை.

நவம்பர் 9, சனி. எருசலேம்

இனி இது மலருக்கு இல்லை. மலருக்கு வேறு நோட்டில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஒலிவமலை, அழுகைச் சுவர், கால்வலி என்று. இது எனக்கு. எங்கேயாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அவருக்கு வந்தது காமாலை இல்லை. காமாலையும் வந்தது, ஆனால் அது குடியால் வந்தது. இருபத்திரண்டு வருடக் குடி. தெருவில் விழுந்து கிடக்கிற குடி இல்லை. மாடி அறை, சாத்தின கதவு, ஆபீஸ் முடிந்து வந்தால் ஏழு மணிக்கு மேலே போவார். யாராவது தேடி வந்தால், "அவுகளுக்குத் தலைவலி, படுத்திருக்காவ" என்பேன். பிள்ளை பெனிட்டாவுக்கு ஐந்து வயதிலேயே அதைச் சொல்லப் பழக்கிவிட்டேன். மதுவிலக்கு ஞாயிறு அன்று பிரசங்க மேடையில் நின்று அவர் பேசியிருக்கிறார். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். அவர் குடித்தார், நான் மூடி வைத்தேன். இதில் யார் அதிகம் உழைத்தது என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச்சில் டாக்டர் சொன்னார்: "ஈரல் முக்கால்வாசி போச்சும்மா. இனி ஒரு சொட்டு ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. அப்புறம் என்கிட்ட கொண்டு வராதீங்க." அன்றைக்குத்தான் பொருத்தனை செய்தேன். ஆறு மாதம் தொடாமல் இருந்தால் கானா ஊருக்கு அழைத்துப்போகிறேன் என்று. எட்டு மாதம் தொடவில்லை அந்த மனிதர். நற்கருணைப் பாத்திரம் வந்தால்கூட உதட்டில் படாமல் சாய்த்து அடுத்தவருக்குக் கடத்திவிடுவார். எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் முழங்காலில் நின்று அதைப் பார்ப்பேன்.

இன்று காலை அவர் குளிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து நாலு பாட்டிலின் மூடியையும் தடவிப் பார்த்தேன். சீல் இருக்கிறது. பெட்டியைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் பார்த்த அதே வேலை. பரிசுத்த தேசத்துக்கு வந்தும் எனக்கு இதுதான் ஊழியம்.

நவம்பர் 10, ஞாயிறு. எருசலேம்

பெத்லகேம் போனோம். ஆண்டவர் பிறந்த குகைக்குப் போக ஒன்றரை மணி நேரம் வரிசை. பாதி வழியில் அவர், "நீ போய்ட்டு வா, எனக்குக் கால் முடியல" என்று வெளியே போய்த் தூணில் சாய்ந்துகொண்டார். நான் குகைக்குள் இறங்கி, வெள்ளி நட்சத்திரத்தில் கை வைத்து, அவருக்காக ஜெபிக்கவில்லை. 'எனக்கு ஒரு நாள் தாரும் ஆண்டவரே, ஒரே ஒரு நாள் நான் காவல் காக்காமல் இருக்கணும்' என்று ஜெபித்தேன். வாயிலிருந்து அதுதான் வந்தது.

வெளியே வந்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்றார். வெயில் அடித்தது.

துணி துவைத்துப் போட்டேன். சாக்ஸ் காயவில்லை.

நவம்பர் 11, திங்கள். எருசலேம்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இன்று சாக்கடலுக்குப் போகிற நாள். பார்சலும் இன்றைக்குத்தான். அவர், "நான் இருந்து வாங்கி வைக்கேன், நீ போ" என்றார். நானும் இருக்கிறேன் என்றேன். "ரெண்டு பேரும் இருந்தா ஏன்னு கேப்பாவ சுகி. போ. நான் எட்டு மாசம் இருந்துட்டேன்லா? ஒரு நாள் இருக்க மாட்டேனா?"

நான் போயிருக்கக் கூடாது. போக ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. கேட்ட ஒரு நாள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மலையும் மணலுமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் எனக்கு யாரும் இல்லை, கவலை இல்லை. வெட்கமாக இருக்கிறது எழுத.

பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குழுவில் அவர் செய்தி: "24 பாட்டில் வந்து சேர்ந்தது. பத்திரமாக அடுக்கியிருக்கிறேன்." கூடவே ஒரு போட்டோ. எங்கள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரோடு வரிசையாக இருபத்துநாலு பாட்டில். பஸ்ஸில் எல்லோரும் கை தட்டினார்கள். பிரிசில்லா அக்கா, "பாத்தியளா, மிலிட்டரி மாதிரி நிறுத்தியிருக்காவ!" என்றார்கள். நான் உடனே போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். பஸ்ஸை நிறுத்துங்கள் என்று யாரிடம் சொல்ல? என்ன காரணம் சொல்ல? சாக்கடலில் எல்லோரும் மிதந்தார்கள். நான் கரையில் செருப்போடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நின்றபோதுதான், கானா ஊரில் நடந்ததை நான் ஒழுங்காக எழுதவில்லை என்பது உறைத்தது. மலருக்காக மறைத்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய். எனக்கே மறைத்தேன்.

கடை வாசலில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கப்பில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். பிரிசில்லா அக்கா, "கல்யாணத்துல கேக் ஊட்டுவோம்லா? அதே மாதிரி ஜோடி ஜோடியா ஊட்டி விடுங்க, நான் வீடியோ எடுக்கேன்" என்று ஆரம்பித்துவைத்தார்கள். ஒவ்வொரு ஜோடியாக ஊட்ட, கூட்டம் ஓ என்று கத்தியது. எங்கள் முறை வந்தது. என் கையில் கப். அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம் சுகி" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டது. இருபத்துநாலு பேர் பார்க்கிறார்கள். ஒரு சொட்டு ஒயினுக்கு இந்த மனுஷன் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று யாராவது யோசித்துவிடுவார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் ஈரல் தோன்றவில்லை. டாக்டர் தோன்றவில்லை. சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, "வாயத் திறங்க அத்தான், எல்லாரும் பாக்காவ" என்றேன்.

திறந்தார். ஊற்றினேன். விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "போதுமா?" என்று கேட்டார்.

இது திராட்சரசம்தானே, ஆண்டவர் உண்டாக்கினதுதானே, ஒன்றும் செய்யாது என்று அன்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மறுநாள் படகில் அவர் பாடினார். எட்டு மாதம் பாடாத மனிதர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹோட்டல். லிப்டுக்கு நிற்காமல் மூன்று மாடி ஏறினேன். கதவு பூட்டாமல் இருந்தது. முதலில் சுவரோரம்தான் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டேன். இருபத்துநாலு. எல்லாச் சீலும் அப்படியே. பெட்டி பூட்டினபடி. அதற்குள் நாலு. சந்தோஷத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, தலை சீவி, ஷூ போட்டிருந்தார். வெளியே போய் வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. நாற்காலிக்குப் பின்னால் பச்சை நிற பாட்டில் மூன்று, எல்லாம் காலி.

"அது பிறத்தியார் சாமான் சுகி" என்றார். நாக்கு குழறியது. "அத நான் தொடல. என்னைய நம்பிக் குடுத்தாவல்லா. முக்குல ஒரு கட இருக்கு. எனக்கு நான் வாங்கிக்கிட்டேன்."

நான் அடித்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவை அவரைக் கை நீட்டி அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "அடி" என்றார். பிறகு குனிந்து வாந்தி எடுத்தார். ஒயின் என்று நினைத்தேன். ஒயின் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய். ஆஸ்பத்திரி

நேற்று ஆம்புலன்ஸில் நானும் குருவானவரும் வந்தோம். டாக்டர் இளம்பெண். ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு அவள் வேகத்துக்கு ஆங்கிலம் பிடிபடாது. ஆனால் 'ஆல்கஹால்' என்ற வார்த்தை புரிந்தது. குருவானவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நோ, நோ, டாக்டர். நெவர்" என்றார்கள். முட்டுவலி மாத்திரை நிறையச் சாப்பிடுவார், அது வயிற்றைப் புண்ணாக்கியிருக்கும் என்று அவர்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் குருவானவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், தலை தானாகக் குனிகிறது. அறையில் கிடந்த மூன்று பாட்டிலையும் நான் குளியல் அங்கியில் சுற்றிக் குளியலறைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்கு ஆள் கூப்பிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். அங்கே அவர் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தேன்.

"ஐயா, டாக்டர்ட்ட மறுபடியும் பேசணும். இவுக குடிப்பாவ."

"யாரும்மா?"

"ராபின்சன். இருபத்திரண்டு வருஷமா. எட்டு மாசமா நிறுத்தியிருந்தாவ. இன்னிக்கு மூணு பாட்டில்."

குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, குருவானவர் அதைத் தமிழில் என்னிடம் கேட்க, நான் சொல்ல, அவர்கள் வாயாலேயே அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு குடிப்பார். எத்தனை வருடம். முன்னால் ரத்தம் கக்கியிருக்கிறாரா. கடைசியாக எப்போது. எங்கள் மாடி அறை முழுவதும் குருவானவர் வாய் வழியாக அந்த வராண்டாவில் வந்து கொட்டியது. மதுவிலக்கு ஞாயிறுக்கு அவரைப் பேச அழைத்ததே அவர்கள்தான். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. குழாய் விட்டுப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிய வேண்டியவர்களுக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்திருக்கிறது போல.

இன்று காலை மாற்றுத்துணி எடுக்க ஹோட்டலுக்குப் போனேன். பெண்கள் எல்லோரும் அறைக்குள் நின்று அவரவர் பாட்டிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாளை ஊருக்குக் கிளம்புகிறார்களே. யாரோ ஒருத்தி சொன்னாள், "இவ்வளவு வயித்துவலியிலயும் ஒண்ணுகூட உடையாம பாத்துருக்காவ பாருங்க. இந்தக் காலத்துல இப்படி மனுஷன் உண்டா?" எங்கள் பெட்டியிலிருந்த நாலையும் எடுத்துக் கொடுத்தேன். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. குருவானவர் சொல்லவில்லை.

நவம்பர் 13, புதன். ஆஸ்பத்திரி

பஸ் பத்து மணிக்குப் போய்விட்டது. பிரிசில்லா அக்கா போகவில்லை. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்கள். "ஒன்னைய ஒத்தையில விட்டுட்டு எப்படிட்டி போவேன்? எனக்கு என்ன பிள்ளையா குட்டியா அங்க காத்துக் கெடக்கு?" என்றார்கள். நான் இந்த அம்மாவைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறேன். கட்டிப்பிடித்து அழுதேன். குருவானவர் போகும்போது அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

மத்தியானம் அவருக்கு நினைவு வந்தது. அக்கா டீ வாங்கப் போயிருந்தார்கள். கண் மஞ்சள் மஞ்சளாக இருந்தது.

"யார்ட்டயெல்லாம் சொன்ன?"

"டாக்டர்ட்ட. ஐயாட்ட. அக்காவுக்கும் தெரியும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"கானா ஊர்ல நீ குடுத்தத?"

"இல்ல."

"சொல்லாத. ஊர்ல ஒன்னைய ஏசுவாவ." என் கையைத் தேடிப் பிடித்தார். "அந்த ஒரு சொட்டு இல்லன்னாலும் நான் போயிருப்பேன் சுகி. எனக்குத் தெரியும். எகிப்துலயோ, ஊர்லயோ, என்னிக்காவது."

நாங்கள் எகிப்துக்குப் போகவே இல்லை. பயணத்தில் எகிப்து கிடையாது. நினைவு தப்பிப் பேசினாரா, என்னைத் தேற்றப் பேசினாரா? நாளைக்கு நிறுத்திவிடுகிறேன் என்று இருபத்திரண்டு வருடம் என்னிடம் பொய் சொன்ன மனிதர். இதுவும் பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யாக இருந்தால், அவர் எனக்குச் சொன்னதிலேயே நல்ல பொய் இதுதான்.

"மன்னிச்சுருங்க அத்தான்" என்றேன். அதற்குள் கண்ணை மூடிவிட்டார். கேட்டாரா என்று தெரியாது.

நவம்பர் 14, வியாழன்

காலை ஏழே காலுக்கு.

நவம்பர் 15, வெள்ளி. எருசலேம், ஹோட்டல்

உடலை ஊருக்குக் கொண்டுபோக மூன்று நாலு நாள் ஆகுமாம். தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பெனிட்டாவுக்குப் போனில் சொன்னேன். "குடிச்சாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எப்படிம்மா ஆரம்பிச்சாங்க? நீங்க கூடத்தானே இருந்தீங்க?" என்று கேட்டாள். ஒரு நாள் நான் இல்லை, சாக்கடலுக்குப் போயிருந்தேன் என்றேன். அவள் அழுதாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மத்தியானம் அவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பிரிசில்லா அக்கா கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சுவர். திடீரென்று இறங்கி என் முன்னால் தரையில் உட்கார்ந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, என்ன செய்யுதிய! எந்திரிங்க!"

"நாந்தான்ட்டி கொன்னேன். அந்த மனுஷன் எட்டு மாசம் வைராக்கியமா இருந்துருக்காவ. நான் கோட்டி மாதிரி அவுக பேரப் போட்டு, இருபத்துநாலு பாட்டில அவுக கண்ணு முன்னால கொண்டாந்து அடுக்க வச்சிட்டேனே. பகல் பூரா அதயே பாத்துக்கிட்டு ஒத்தையில இருந்தா யாருக்குத்தான் மனசு நிக்கும்? என் கை அழுகிப் போகாதா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சபைக்குள்ள போவேன்?"

அறுபத்தாறு வயது மனுஷி. தலைமுடி கலைந்து, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்கள். இல்லை அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்கள் பாட்டிலை அவர் தொடவில்லை, அதற்கு நாலு நாள் முன்னாலேயே அது ஆரம்பித்துவிட்டது, நீங்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்களே, அப்போது அவர் வேண்டாம் என்று சொன்னார் அக்கா, நான்தான். இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது.

ஊர்ல ஒன்னைய ஏசுவாவ என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. செத்துப்போனவர் சொல்லைத் தட்டக்கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். என் சாமர்த்தியம் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லுட்டி. என்னைய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. இல்லன்னா நான் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

அவர்கள் தலையில் கை வைத்தேன். "மன்னிச்சிட்டேன் அக்கா" என்றேன்.